ரெஜினா சிஸ்டர் சொல்லாமல் விட்ட பாதி

சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். பஸ் வந்ததும், வழக்கமாக இருக்கையை விட்டு எழாத டிரைவர் கீழே இறங்கி வந்தார். “நம்ம ரெஜினா சிஸ்டர் பூட்டாங்கப்பா. காலைல நெஞ்சு வலின்னாங்களாம், ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிட்ச்சு” என்றார். எனக்கு அழுகையைவிட முதலில் வந்தது கோபம். இத்தனை பேர் உடம்பைப் பார்த்தவர் தன் உடம்பைப் பார்க்கவில்லையே என்ற கோபம்.

அவர் சேரப்பணஞ்சேரிக்காரர். எங்கள் உதிரிபாகக் கம்பெனியின் முதலுதவி அறையில் நர்ஸ். தலைவலி என்று போனால், “காலைல இன்னா துன்ன?” என்பதுதான் முதல் கேள்வி. டீயும் பிஸ்கட்டும் என்று சொன்னால் மாத்திரை கிடைக்காது, கேன்டீனுக்குத் துரத்திவிடுவார். தென்மாவட்டத்திலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருந்த எங்களுக்கு அந்தத் திட்டு வேண்டியிருந்தது.

ஒரு பாதுகாப்பு வாரத்தில் சத்துணவு பற்றிப் பேசினார். உடம்புக்குத் துளியூண்டு வேண்டிய தாதுக்கள் சில உண்டு என்றார். மீனிலும் முட்டையிலும் உள்ள செலினியம் தைராய்டுக்கு நல்லது, முழுத்தானியத்தில் உள்ள குரோமியம் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க இன்சுலினுக்குத் துணை நிற்கும் என்றார். அப்போது எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உடனே எங்கள் மாரியப்பன் எழுந்தான். “நாங்க தெனமும் குரோமியத் தொட்டிப் பக்கத்துலதான நிக்கோம் சிஸ்டர். அப்ப எங்களுக்குச் சுகரே வராதுல்லா?” நாங்கள் கம்பிகளுக்குக் குரோமிய முலாம் பூசும் பிரிவு. கூட்டம் சிரித்தது. சிஸ்டரும் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

கேலியாகச் சொன்னது எங்கள் பிரிவில் மெல்ல மெல்ல நம்பிக்கையாகிவிட்டது. தொட்டியிலிருந்து கிளம்பும் ஆவியை இழுக்கும் விசிறி பாதி செத்துக் கிடந்த காலம் அது. முகமூடியோ புழுக்கம். கழற்றி வைக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது, கிடைத்துவிட்டது. என் அப்பாவுக்குச் சர்க்கரையால் காலை எடுத்திருந்தார்கள். ஆகவே நான் சாக்குக்காக அல்ல, நிஜமாகவே நம்பித்தான் கழற்றினேன்.

பிறகு மாரியப்பனுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. நான்தான் கூட்டிப் போனேன். சிஸ்டர் அவன் ஒரு நாசியில் டார்ச் அடித்தார். வெளிச்சம் அடுத்த நாசியில் தெரிந்தது. நடுத்தண்டில் ஓட்டை. அவர் டார்ச்சை அணைத்தார். “மாஸ்க் இன்னா ஆச்சு?” என்று கேட்டார். குரோமியம் சுகருக்கு நல்லதுதானே என்று கழற்றி வைத்ததை அவன் சொன்னான். அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை.

நேரே எங்கள் பிரிவுக்கு வந்து எல்லோரையும் நிறுத்தினார். “நான் சொன்னது பாதி. மீதியச் சொல்லாம சிரிச்சிட்டேன். சோத்துல கீறது வேற, தொட்டில கீறது வேற. உலோகம் ஒண்ணுதான், குணம் வேற. இது சத்து இல்ல, அமிலம். மூக்க அரிக்கும், நுரையீரல்ல புத்துநோயக் கொண்டாரும்” என்றார். பிறகு வரிசையாக எங்கள் மூக்கைப் பார்த்தார். எனக்குப் புண் மட்டும்தான், ஓட்டை இல்லை. அன்றே என்னைப் பேக்கிங்குக்கு மாற்றச் சொன்னார். மாதம் முடியட்டும் என்றார் மேலாளர். “மாத்துற வரைக்கும் நான் இங்கியே குந்திக்கினு இருக்கேன் சார்” என்று சிஸ்டர் மேலாளர் அறையிலேயே உட்கார்ந்துவிட்டார். மாலைக்குள் நான் பேக்கிங்கில் இருந்தேன். விசிறியும் அந்த வாரமே மாறியது.

அதன் பிறகு ஷிப்ட் மாறும்போதெல்லாம், மூக்குக்குள் தடவிக்கொள்ள வாஸ்லின் டப்பாவும் முகமூடியுமாகப் பிரிவு வாசலில் நிற்பார். “மூக்குத்திக்கு ஓட்ட போடலாம், மூக்குக்குள்ள வாசக்கால் வெக்கக் கூடாது” என்பார். பேச்சிலும் ஜாக்கிரதையாகிவிட்டார். முடி வளர செலினியம் மாத்திரை வாங்கலாமா என்று ஒருவன் கேட்டபோது, முதலில் மீதிப் பாதியைத்தான் சொன்னார்: “அளவு மீறுனா, கீற தலமுடியும் கொட்டும், நகமும் உதிரும். மாத்திரைய வுடு, முட்ட துன்னு.” கேன்டீன்காரரோடு மல்லுக்கட்டி மத்தி மீன் குழம்பு போட வைத்ததும் அவர்தான்.

மாரியப்பனுக்கு அறுவை சிகிச்சை செய்தும் ஓட்டை ஒட்டவில்லை. மோப்ப சக்தியும் போய்விட்டது. “என் சிரிப்பால போச்சுடா” என்று அவனிடமே சொல்லியிருக்கிறார். “கழட்டுனது நாங்கல்லா சிஸ்டர்” என்பான் அவன். அந்தப் பதிலை அவர் கடைசிவரை ஏற்கவில்லை.

அடக்கத்தன்று சேரப்பணஞ்சேரியில் பெட்டி தெரியாத அளவுக்குச் சம்பங்கி மாலைகள். மாரியப்பன் என் பக்கத்தில் நின்றான். ஜெபம் நடக்கும்போது என் காதருகே குனிந்து, “அண்ணாச்சி, பூ வாசம் வருதா?” என்று கேட்டான்.

“வருது.”

“நல்லா வருதா?”

“நல்லா வருதுடே.”

அவன் தலையசைத்துக்கொண்டான். நான் மூச்சை நன்றாக இழுத்தேன். சிஸ்டரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த மூக்குதான். அன்று அந்த வாசத்தை அது தாங்கவில்லை.