கிளி டம்ளர் வைக்கவில்லை

காலை எட்டு மணிக்குள் டம்ளர் வைத்துவிட வேண்டும் என்பது எங்கள் குழுவின் சட்டம். நிஜ டம்ளர் இல்லை, போனில் ஒரு காபி டம்ளர் படம். அதைப் போட்டால் எழுந்துவிட்டேன், உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். தனியாக வாழ்கிறவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் குழு அது. எட்டு மணி தாண்டியும் ஒருவர் டம்ளர் வைக்கவில்லை என்றால் மற்றவர்கள் விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

நான் அதில் சேர்ந்தது பயத்தில்தான். மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டு வாசலில் பால் பாக்கெட்டுகள் எடுக்க ஆளில்லாமல் கிடந்தன. கடைசியில் பூட்டை உடைத்து உள்ளே போய்ப் பார்த்தார்கள். அன்றிலிருந்து குளிக்கப் போகும்போதெல்லாம் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடுவதா வேண்டாமா என்று துண்டும் கையுமாக நின்றுகொண்டிருப்பேன். போட்டால், வழுக்கி விழுந்தால்கூட யாரும் உள்ளே வர முடியாது. போடாவிட்டால் கண்டவனும் வரலாம். கல்யாணம் செய்துகொள்ளாததற்கு நான் ஒருநாளும் வருத்தப்பட்டவள் இல்லை. இந்தத் தாழ்ப்பாள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் ஆடிப்போயிருக்கிறேன்.

குழுவில் யாருக்கும் பெயர் கிடையாது. ஆரம்பத்தில் இருந்ததாம். பெயரை வைத்து ஊரைக் கண்டுபிடித்தார்கள், ஊரை வைத்து சாதியைக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் சாம்பாரில் வெல்லம் போடலாமா என்று தொடங்கிய பேச்சு பெரிய சண்டையாகிவிட்டது. எல்லாம் போனிலேயே நடந்ததால் அடி மட்டும் விழவில்லை. குழுவை நடத்தும் பெரியவர் அன்றே பெயர், புகைப்படம், முகவரி மூன்றையும் எடுத்துவிட்டார். ஆளுக்கொரு படம் வைத்துக்கொள்ளுங்கள், இனி அதுதான் பெயர் என்றார். போன் நம்பரைக்கூடக் காட்டாத செயலி ஒன்றுக்கு எல்லோரையும் மாற்றினார். அவர் ஆமை ஆனார். நான் குடை. மாசி வெயிலிலும் குடையில்லாமல் தெருவில் இறங்காதவள் வேறு எதை வைப்பேன்?

போகப் போக அந்தப் படங்கள் எங்களைப் பிடித்துக்கொண்டன. ஆமை சார் எதற்கும் நிதானமாகத்தான் பதில் போடுவார், அதில் அவருக்குப் பெருமை வேறு. எனக்கு மழையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் "குடை மேடம், இன்னிக்கு வடாம் காயப் போடலாமா?" என்று யாராவது கேட்டால் மாடிக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்வேன். தி.நகரில் யாரோ ஒரு அம்மா டம்ளர் படம் போட்ட துணிப்பையோடு போனார். நம்ம ஆளாக இருக்குமோ என்று பஸ்ஸை விட்டுவிட்டுப் பின்னாலேயே போயிருக்கிறேன். காபித்தூள் கடையில் இலவசமாகக் கொடுத்த பை அது.

எல்லோரையும்விட அதிகம் பேசுகிறவர் கிளி. காலையில் டம்ளர் வைத்ததும் கூடவே தன் ஜன்னலையும் படம் எடுத்துப் போடுவார். பாதியாக வெட்டிய நீல பக்கெட் ஒன்று ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கும், அதில் ஒரு கறிவேப்பிலைச் செடி. பின்னால் மந்தைவெளி பறக்கும் ரயில் பாலம் தெரியும். எனக்கு மட்டும் தனியாக ஒருமுறை எழுதியிருந்தார்: "ஆபீஸ்ல இருந்தப்போ என்னை ஊமைன்னுதான் கூப்பிடுவாங்க. அதனாலதான் கிளி வெச்சேன்." அவருடைய முட்டி வலியிலிருந்து ரசப்பொடி வரைக்கும் எனக்குத் தெரியும். பெயர் மட்டும் தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை கிளி டம்ளர் வைக்கவில்லை. மறந்திருப்பார் என்றார்கள். மறக்கிற ஆளா அவர்? நான் அனுப்பியது எதுவும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. மறுநாளும் இல்லை. சோறு இறங்கவில்லை எனக்கு. அவரைத் தேட ஒரு பெயர்கூட இல்லையே, நாளைக்கு என்னை எதை வைத்துத் தேடுவார்கள் என்று மனசு எங்கெங்கோ போயிற்று. கிளி திரும்பும் வரைக்கும் நாம் எல்லோரும் கிளிப் படம் வைப்போம் என்று யாரோ சொன்னார்கள். குழு முழுக்கப் பச்சையாகிவிட்டது. மற்றவர்களுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சுவரில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலிபோலத் தெரிந்தது.

வியாழக்கிழமை குழுவில் சேர்க்கச் சொல்லி ஒரு புதுக் கணக்கிலிருந்து வேண்டுகோள் வந்தது. "நான்தான் கிளி. போன் கெட்டுப்போச்சு. இது வேற போன்." கிளிப் படமும் இருந்தது. ஆனால் எல்லோருமே கிளியாக இருக்கிற இடத்தில் கிளிப் படத்துக்கு என்ன மதிப்பு? வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று ஆரம்பிக்கும் மோசடிக்காரர்கள் தனியாக இருக்கிற வயசானவர்களைத்தான் குறிவைக்கிறார்கள் என்று நாங்களே தினமும் ஒருவருக்கொருவர் எச்சரித்துக்கொள்கிறவர்கள். ஆமை சார் உள்ளே விடவில்லை. "குடை மேடம், நீங்கதான் அவங்களோட அதிகம் பேசினவங்க. நீங்க உறுதியா சொன்னா சேர்த்துடலாம்" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

அந்தப் புதுக் கிளியிடம், எதற்காகக் கிளி வைத்தீர்கள் என்று கேட்டேன். 'ஊமை' என்று உடனே பதில் வந்தது. அப்பாடா என்று ஒரு நிமிஷம் உட்கார்ந்தேன். அடுத்த நிமிஷமே, பழைய போன் யார் கையில் இருக்கிறதோ அவர்களும் அதைப் படித்திருக்கலாமே என்று உறைத்தது. நேரில் வருகிறேன், அந்த ஜன்னலைக் காட்டுங்கள் என்று எழுதினேன். "வேண்டாம் மேடம். தயவுசெஞ்சு வராதீங்க" என்று பதில் வந்தது.

அவ்வளவுதான். யாரோ அவரை ஏதோ செய்துவிட்டுப் போனை வைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன். ஆமை சாருக்கு ஒரு வரி எழுதிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு மந்தைவெளிக்கு ஆட்டோ பிடித்தேன்.

பாலத்தை ஒட்டிய தெருக்களில் ஒவ்வொரு ஜன்னலாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். தள்ளுவண்டியில் காய் விற்கிற பெண்மணி என்னையே கவனித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, மேலயே பாத்துக்கினு போறே? பள்ளத்துல வியுந்துடப் போறே. இன்னா தேடுறே?"

"நீல பக்கெட்ல கறிவேப்பிலை வெச்சிருப்பாங்களே, அந்த வீடும்மா."

"அதோ கீது பாரு, ரெண்டாவது மாடி. அந்தம்மாவத்தான் கொஞ்ச நாளா காணோம். டெய்லி வந்து காய் வாங்கினு போவும்."

குடையை ஊன்றிக்கொண்டே மாடிப்படி ஏறினேன். ஏறிப் பார்த்தால் வாசல் முழுக்கச் செருப்பு. ஆண்கள் செருப்பு, பெண்கள் செருப்பு, சின்னச் சின்ன ஷூக்கள். தனியாக இருக்கிற ஒருத்தியின் வாசலில் அத்தனை செருப்பு எதற்குச் சேரும் என்று எனக்குத் தெரியும். போய்விட்டாள், நான் வந்து சேர்வதற்குள் போய்விட்டாள் என்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினேன். டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது.

ஓர் இளைஞர் வெளியே வந்தார். "யார் வேணும் ஆன்ட்டி?"

யாரென்று சொல்வது? "இங்க ஒரு அம்மா... ஜன்னல்ல கறிவேப்பிலை வளர்ப்பாங்களே..." என்று இழுத்தேன்.

"அம்மா, உன்னைத் தேடி யாரோ வந்திருக்காங்க" என்று உள்ளே பார்த்துக் கத்திவிட்டு அவர் கிரிக்கெட்டுக்குத் திரும்பிவிட்டார்.

ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஓர் அம்மா வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் புரியாமல் நின்றார். அப்புறம் என் கையைப் பார்த்தார்.

"குடை" என்றார், மெதுவாக.

சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். அந்த நீல பக்கெட் அங்கே ஜன்னலில்தான் இருந்தது. கூடத்தில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், மருமகளின் தம்பி என்று வீடு நிறைய ஆட்கள். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். நான் தாழ்ப்பாளுக்குப் பயந்து நடுங்குகிறவள், இவருக்குக் கதவைத் தட்ட ஆளே தேவையில்லை.

"தனியா இருக்கேன்னு சொன்னீங்களே? எங்களுக்கெல்லாம் மூணு நாளா உயிரே இல்ல, தெரியுமா?"

"பேரன் போனைத் தண்ணியில போட்டுட்டான். எனக்கு ரெண்டு நாளா நல்ல ஜுரம் மேடம். ஜுரத்தோடயே இட்லி ஊத்தி எல்லாருக்கும் டப்பா கட்டினேன். ஒருத்தருக்கும் தெரியல. சட்னியில உப்பு கம்மின்னு மட்டும் சொன்னாங்க." அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மூணாம் நாள் எழுந்ததும் முதல்ல என்ன நினைச்சேன் தெரியுமா? ஐயோ, குழுவுல தேடிக்கிட்டு இருப்பாங்களேன்னு. என்னைத் தேடறதுக்கு ஆள் இருக்குன்னு நினைச்சப்போ ஜுரம் பாதி விட்டுப்போச்சு. சொல்லிடுவீங்களா மேடம்? சொன்னா என்னைக் குழுவுல இருந்து எடுத்துடுவாங்க."

அவர் கொடுத்த காபியை நின்றுகொண்டே குடித்தேன். கிளம்பும்போது அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். லேசாகச் சுட்டது. மாத்திரை போட்டீர்களா என்று கேட்டேன், தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது ஆமை சாரிடமிருந்து செய்தி வந்தது. அதிசயமாக அன்றைக்கு அவர் தாமதிக்கவில்லை.

"பார்த்தீங்களா மேடம்? அவங்கதானா?"

அவங்கதான் என்று எழுதினேன்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே? வீட்ல கூட யாராவது இருக்காங்களா?"

தனியாக வாழ்கிறவர்களுக்கு மட்டும்தான் இந்தக் குழு, அது எனக்கும் தெரியும். பஸ் வந்தது. ஏறவில்லை. "தனியாத்தான் இருக்காங்க" என்று எழுதி அனுப்பினேன்.

மறுநாள் காலைக்குள் எல்லோரும் அவரவர் படத்துக்குத் திரும்பியிருந்தார்கள். நானும் குடையை வைத்துக்கொண்டேன். பால் பொங்குவதற்குள் கிளியின் டம்ளர் வந்துவிட்டது. ஜுரம் விட்டதா என்று கேட்டுவிட்டு, என் டம்ளரைப் பக்கத்தில் வைத்தேன்.