கடலுக்கு மட்டும் சமாதானம்

சண்டை பிடிக்கிற இரண்டு பேருக்கு நடுவில் சமாதானம் பேச வருகிறவனை எனக்குப் பிடிக்காது. வந்தவன் நல்லவனாகவே இருக்கலாம். இருந்தாலும் அவன் எதற்கு வந்தான் என்று தெரியும்வரை அவனுக்கு நான் சரியாகச் சிரிக்கவும் மாட்டேன். இந்தக் குணம் எனக்கு இலங்கையில் என் ஊரான கல்முனைக்குடியில் வந்ததல்ல. சார்ஜாவில் வந்தது.

அங்கே என் கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்தார். நான் ஒரு தனியார் பாடசாலையில் வரலாறு படிப்பித்தேன். அந்தக் கரையின் பழைய கதை எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம்கூட வராது. கரை நெடுக ஷேக்குமார் இருந்தார்கள், ஒருவரோடு ஒருவர் ஓயாமல் அடித்துக்கொண்டார்கள், போகிற வருகிற கப்பல்களைக் கொள்ளையடித்தார்கள், பிரித்தானியர் வந்து சமாதானம் செய்து வைத்தார்கள். அவ்வளவுதான். பிள்ளைகள் பாடமாக்கி ஒப்புவித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். ஒருமுறை என் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பெரிய கடதாசியில் படமாக வரைந்து சுவரில் ஒட்டினார்கள். மேலே கொட்டை எழுத்தில் 'கொள்ளையர் கரை' என்று எழுதியிருந்தார்கள். பிரித்தானியரின் பழைய வரைபடங்களில் அந்தக் கரைக்கு அதுதான் பெயர்.

அந்தப் படத்தைக் கழற்றி மடித்து என் மேசையில் கொண்டுவந்து வைத்தவர், எங்களோடு அரபு மொழி படிப்பித்த ஆசிரியை. அதே கரையில் ராஸ் அல் கைமாவில் முத்துக்குளித்த குடும்பத்துப் பெண். என்னோடு கோபிக்கவில்லை. தேநீர் ஊற்றித் தந்து, என் பாட்டனின் பாட்டனுக்கும் கொள்ளையன் என்று பெயர் எழுதிவைத்துவிட்டார்கள், நீயும் ஏன் எழுதுகிறாய் என்று கேட்டார். அதன்பிறகு ஆசிரியர் அறையில் வாய்க்கும் நேரமெல்லாம் அவரிடம் நான் அந்தக் கதையைக் கேட்டேன்.

பம்பாயிலிருந்து வந்த பிரித்தானியக் கப்பற்படை அவருடைய ஊரைச் சுட்டு, படகுகளை எரித்து, கோட்டைகளை இடித்தது. அதன்பிறகு ஒப்பந்தம். சில காலம் கழித்து இன்னோர் ஒப்பந்தம் வந்தது. கோடையில் ஊர் ஆண்கள் எல்லாரும் முத்துக்குளிக்கக் கடலுக்குப் போய்விடுவார்கள். அந்தக் காலத்தில் மட்டும் ஒருவர் படகை மற்றவர் தொடக்கூடாது. ஷேக்குமாரே அதை விரும்பித்தான் ஒப்புக்கொண்டார்கள். பருவத்துக்குப் பருவம் புதுப்பித்தார்கள். பிறகு அதுவே சில வருடத்துக்கு என்று ஆனது. கடைசியில் என்றென்றைக்கும் என்று எழுதியாயிற்று. யாராவது மீறினால் அடிபட்டவர் திருப்பி அடிக்கக்கூடாது, வளைகுடாவின் அக்கரையில், பாரசீகத் துறைமுகம் ஒன்றில் இருந்த பிரித்தானிய அதிகாரியிடம் போய் முறையிட வேண்டும். தரையில் வெட்டிக்கொண்டு செத்தால் அநேகமாக அந்த அதிகாரி திரும்பியும் பார்க்க மாட்டார். கடல்தான் இந்தியாவுக்குப் போகிற பாதை. சமாதானம் கடலுக்கு மட்டும்தான்.

அடுத்து வந்த ஒப்பந்தத்தைச் சொல்லும்போதுதான் அந்த ஆசிரியையின் குரல் மாறும். பிரித்தானியரைத் தவிர வேறு எந்த நாட்டோடும் எந்த உடன்பாடும் கூடாது. சொந்த மண்ணில் ஒரு துண்டையும் அவர்களைத் தவிர வேறு யாருக்கும் விற்கவோ, ஈடு வைக்கவோ, கொடுக்கவோ கூடாது. யாரோடு அவர்கள் கையெழுத்துப் போடுகிறார்களோ அவர்தான் ஷேக். பிற்காலத்தில் விமானம் இறங்க ஓரிடம் தேவைப்பட்டபோது, பெரிய ஷேக்கின் கீழே இருந்த ஒரு சின்ன ஊர்த் தலைவரையும் தனி ஆட்சியாளர் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

"சமாதானம் பொய் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் உயிரோடு கரைக்கு வந்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு பக்கத்து ஊர்க்காரனோடு ஒரு வழக்கைத் தீர்ப்பதற்கும் வெள்ளைக்காரனிடம் போக வேண்டி வந்தது" என்றார் அவர்.

நாங்கள் ஊருக்குத் திரும்பிவந்தபோது எனக்கும் தங்கைக்கும் சீதனமாக வந்த கரைவலைகள் எங்களுக்காகக் காத்திருந்தன. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணின் பேரில் இருக்கும். எங்கள் உம்மா எங்களுக்கு ஒரே வளவில் ஆளுக்கொரு வீடும், ஆளுக்கொரு வலையும், வலை வளைக்கிற கரையில் சரிபாதிப் பங்கும் தந்தா. அந்தக் கரைத்துண்டைப் பாடு என்போம். வலை இரண்டு, பாடு ஒன்று. ஆகவே ஒரு நாள் என் வலை, மறுநாள் தங்கையின் வலை. கரையில் நின்று சத்தம் போட்டு ஆட்களை இழுக்கவைப்பது எங்கள் கணவன்மார். அதைப் பார்க்கிற வெளியூரான் அவர்களைத்தான் சொந்தக்காரர் என்று நினைப்பான். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

சண்டை வந்தது கடல் அடித்த ஒரு நாளில். என் கணவரின் முறை, வலை இறக்க முடியவில்லை. மறுநாள் கடல் அடங்கியது. என் முறை தள்ளிப்போகிறது, இன்றைக்கும் நான்தான் என்றார் இவர். போன முறை போனதுதான் என்றார் தங்கையின் கணவர். இரண்டு பேரும் பிடித்த பிடியை விடவில்லை. அந்த வாரமே என் வலையின் மடி, மீன் வந்து சேருகிற பை, கத்தியால் கிழிபட்டுக் கிடந்தது. பிறகு தங்கையின் வலைக் கயிறு அறுந்து கிடந்தது. யார் செய்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு ஆண்களும் கதைப்பதை நிறுத்தினார்கள். ஒரே வளவுக்குள் ஒருவர் வந்தால் மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். வேலியில் இரண்டு குசினிகளுக்கும் நடுவே ஒரு இடைவெளி உண்டு. அதன் வழியாக நானும் தங்கையும் கறி மாற்றிக்கொண்டுதான் இருந்தோம்.

அப்போதுதான் ஐஸ் லொறியோடு மீன் வாங்க வருகிற ஒரு கம்பனியின் ஆள் எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மரியாதையான மனிதர். சப்பாத்தை வாசலில் கழற்றிவைத்து, என்னை டீச்சர் என்று கூப்பிட்டு, தேநீரைப் புகழ்ந்தார். முதல் நாள் தங்கை வீட்டில் பேசிவிட்டு, மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். இந்தப் பருவம் முழுக்க எஞ்சின் படகு ஒன்றைக் காவலுக்கு விடுவாராம். கிழிந்த வலைக்குப் புது வலை தருவாராம். யார் முறை என்று அவரே சொல்வாராம்.

"கரையில நீங்க ரெண்டு பேரும் கதைக்காம இரிந்தாலும் பரவாயில்ல. கடல்ல பிரச்சின வரப்படாது" என்றார்.

என் கையில் தேநீர்த் தட்டு இருந்தது. சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், நான் சந்தோஷப்படுகிறேன் என்று நினைத்து.

மீதியைச் சாப்பாட்டு நேரத்தில் கணவரிடம் கேட்டு எடுத்தேன். மீனை அந்தக் கம்பனிக்கு மட்டும்தான் கொடுக்கலாம். வலையையோ கரைப்பாட்டையோ அவர்களைக் கேட்காமல் யாருக்கும் விற்கவோ எழுதவோ கூடாது. இப்போதைக்கு ஒரு பருவம், பிறகு நீட்டலாம். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து தங்கையின் மகளுக்கு நிக்காஹ். தங்கையின் வலையும் அவளுடைய பாதிப் பாடும் அந்தப் பிள்ளைக்குத்தான் எழுத இருந்தது. எங்கள் உம்மா எங்களுக்குத் தந்ததை, எங்கள் மகளுக்குத் தர, ஐஸ் லொறிக்காரனிடம் அனுமதி கேட்பதா? கேட்டால் வேண்டாமென்றா சொல்லப்போகிறார்கள் என்றார் கணவர். கேட்க வேண்டி வருவதே போதாதா என்று நான் கத்தினேன். துபாய்க் கதையை இங்கே கொண்டுவராதே என்று அவரும் கத்தினார். சார்ஜாவை அவர் கோபம் வந்தால் துபாய் என்றுதான் சொல்வார்.

மறுநாள் காலையில் தங்கையும் நானும் குசினி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தோம். அவளுக்குச் சண்டை அலுத்துப்போயிருந்தது. இது நின்றால் சரி, யார் நிறுத்தினால் என்ன என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிம்மதியாகத் தூங்கி எத்தனையோ நாளாகிவிட்டது என்றாள். நான் அவளுக்கு அந்த ஷேக்குமாரின் கதையை முதலிலிருந்து சொன்னேன். முத்துக்குளிப்புக் காலத்துச் சமாதானம் எப்படி என்றென்றைக்குமாக நீண்டது, மண் கொடுக்கக்கூடாது என்பது எப்படிப் பின்னால் வந்து சேர்ந்தது என்றெல்லாம். கையிலிருந்த பாரை மீனை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த ஷேக்குமார் ஒப்பம் வெச்சாங்களே ராத்தா, பொண்டாட்டிமார்ட்ட கேட்டாங்களா?"

அதை யாரும் எழுதிவைக்கவில்லை என்றேன்.

"நம்மட வலை நம்மட பேர்லதானே கிடக்கு" என்றாள். பிறகு மீனைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கையொப்பம் வைப்பதாகப் பேச்சு. என் வீட்டு மண்டபத்தில் பகல் சாப்பாடு. இரண்டு கணவன்மாரும் அந்த மனிதரின் இரண்டு பக்கமும் இருந்தார்கள். ஒருவருக்கு உப்பு வேண்டுமென்றாலும் அவர் வழியாகத்தான் கேட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும் அவர் கடதாசியை விரித்தார். நானும் தங்கையும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தோம். வலை எங்களுடையது, பாடு எங்களுடையது, ஒப்பம் வைக்கிறவர்களுக்கு அதைக் கொடுக்க உரிமையில்லை என்று நான் சொன்னேன்.

அவர் முகம் ஒரு நொடிதான் சுருங்கியது. பிறகு முன்னைவிட இனிமையாகச் சிரித்தார். அது இன்னும் நல்லது, உங்கள் இரண்டு பேரோடும் எழுதுவோம் என்றார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்க்க எனக்கு வலித்தது. வலித்தாலும் நான் நிறுத்தவில்லை. தங்கை முடியாது என்று தலையாட்டினாள். அவள் தண்ணீர் எடுக்க உள்ளே திரும்பியதும் அவர் என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், நீங்க ஒராள் வெச்சாலும் போதும். கரைப்பாட்டுக்குச் சொந்தக்காரி நீங்கதானெண்டு நாங்க எழுதுவம். தங்கச்சிட பக்கத்த நாங்க பாத்துக்குவம்."

விமானம் இறங்க இடம் கொடுத்த அந்தச் சின்ன ஊர்த் தலைவர் என் நினைவுக்கு வந்தார். அவருக்கும் யாரோ இப்படித்தான் குனிந்து மரியாதையாகச் சொல்லியிருக்க வேண்டும். குசினிவரை கேட்கும்படியாக நான் பதில் சொன்னேன்.

"நீங்க எழுதித்தான் நான் சொந்தக்காரியாகணுமா? என்ட தங்கச்சிட பக்கத்த அவ பாத்துக்குவா. கடதாசிய மடிச்சி எடுத்துக்கிட்டுப் போங்க."

போகும்போதும் சாப்பாட்டைப் புகழ்ந்துவிட்டுத்தான் போனார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

கணவர் என்னோடு கதைக்கவில்லை. ஓர் அந்நியன் முன்னால் தன்னை ஒன்றுமில்லாதவனாக்கிவிட்டேன் என்று பிள்ளைகளிடம் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் தங்கையின் கணவரும் எங்களைக் கேட்காமல் எங்கள் கரையைக் கொடுக்கத் துணிந்தார்களே, அதற்கு யார் மன்னிப்புக் கேட்டது? தங்கையின் கணவர் மட்டும் வாசலில் நின்று என்னிடம் நேராகக் கேட்டார்.

"மச்சி, நாளைக்கி வலைய வெட்டினா ஆருட்டப் போய்ச் சொல்ற?"

"வெட்டினவர் எண்டு நீங்க நினைக்கிறவர்ட்டயே போய்க் கேளுங்க. ஒரே வளவுதானே."

அதன்பிறகு வந்த நாட்களில் நான் பயந்துதான் இருந்தேன். காவல் படகும் வராது, புது வலையும் வராது. இன்னொரு வலை கிழிந்தால் இரண்டு வீடும் என்னைத்தான் திட்டும்.

பிறகு ஒரு நாள் கடல் திரும்பவும் அடித்தது. அன்றைக்குத் தங்கையின் முறை, வலை இறங்கவில்லை. மறுநாள் சுபஹ் தொழுதுவிட்டு என் கணவர் கரைக்குப் புறப்பட்டவர், வாசலில் நின்றார். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே தங்கையின் வீட்டு முற்றத்துக்குப் போனார். இன்றைக்கு யார் முறை என்று கேட்டது எனக்கு இங்கே கேட்டது. அடுத்த நொடி இரண்டு குரலும் உயர்ந்தன. கிழிந்த மடி வந்தது, அறுந்த கயிறு வந்தது, எங்கள் கலியாணத்தில் யாருக்கு யார் சலாம் சொல்லவில்லை என்பதுகூட வந்தது. ஒழுங்கையில் போன ஆட்கள் நின்று கேட்டார்கள். யாரும் உள்ளே வரவில்லை.

"என்ட மகளுக்கு எழுதப்போற வலை இது. அவட முறையில ஒரு நாளையும் நான் உடமாட்டன்" என்று தங்கையின் கணவர் கத்தினார்.

"எழுதுங்க! ஆரு வேணாமெண்ட? போன நாளையும் சேத்து எழுதுங்க. ஆனா என்ட போன நாளையும் தாங்க!" என்று இவர் கத்தினார்.

நான் அடுப்பைக் குறைத்துவிட்டு வேலியருகே போனேன். அந்தப் பக்கத்தில் தங்கை ஏற்கெனவே வந்து நின்றாள். முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், கண் முழுக்கத் தண்ணீர்.

"ராத்தா," என்றாள், "கதைக்கிறாங்க."