சகுந்தலாவின் ஹார்ட் டிஸ்க்

என் தங்கை சகுந்தலாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. செகந்திராபாத் பக்கம் அல்வாலில் இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறாள். கல்யாணம் அமையவில்லை. அம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் அவளும் ஒரு கம்ப்யூட்டரும்தான்.

எம்பிராய்டரி மெஷின்களுக்கு டிசைன் போடுவது அவள் தொழில். ரவிக்கையில் வரும் மயிலோ புடவை ஓரத்தில் ஓடும் கொடியோ, ஊசி எங்கே இறங்க வேண்டும், நூல் எங்கே நிறம் மாற வேண்டும் என்று ஒவ்வொரு தையலாகத் திரையில் போட்டு அனுப்புவாள். நான் எட்டாவதோடு நின்றவன். அவள் கை ஓடுவதைப் பார்த்தாலே எனக்குப் பெருமை தாங்காது. பஸ்ஸில் முன்னால் நின்ற அம்மாளின் முதுகில் இருப்பது நம் சகுந்தலாவின் மயிலா என்று உற்றுப் பார்த்து, மனைவியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

ஒன்பது வருடத்தில் ஆயிரத்து நானூறு டிசைன்களுக்கு மேல் போட்டுவிட்டாள். பழைய டிசைனைத் திரும்பக் கேட்டு வருகிறவர்கள்தான் அவளுக்கு வாடிக்கை. அத்தனையும் மேசைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கில் இருந்தன.

கோடையில் காற்று அடித்தால் அல்வாலில் கரண்ட் போய்ப் போய் வரும். டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது அப்படிப் போனால் கெட்டுவிடும் என்று அவளுக்குப் பயம். ஏப்ரல் கடைசியில் யு.பி.எஸ். வாங்கினாள். "நீ கை வைக்காதே, ஞாயித்துக்கிழமை நான் வந்து மாட்டறேன்" என்றேன். நாச்சாரத்தில் மோட்டார் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவன் நான். ஒயர் வேலையை இன்னொருவருக்கு விடுவேனா?

யு.பி.எஸ்.ஸின் பின்னால் நான்கு பிளக் பாயிண்ட் இருந்தன. மூன்றில் பேட்டரி என்றும், தள்ளி இருந்த நாலாவதில் சர்ஜ் என்றும் ஆங்கிலத்தில் போட்டிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். சர்ஜ் எனக்குத் தெரிந்த வார்த்தை. கரண்ட் திடீரென்று எகிறி எத்தனையோ மோட்டார்கள் எரிந்ததைப் பார்த்திருக்கிறேன். எனவே முக்கியமான பெட்டியை நாலாவதில் சொருகினேன். திரை, மோடம், மேசை விளக்கு மூன்றும் பேட்டரிக்குப் போயின. ஒவ்வொரு ஒயரிலும் பாயிண்டிலும் பெயர் எழுதி டேப் ஒட்டினேன்.

"பொட்டிய ஆன் பண்ணி ஒரு தடவை பாத்துரலாமாண்ணா?"

"நக்கோ, வேண்டாம். சோதிக்கப் போயி டிஸ்க் போச்சுன்னா?"

பெட்டியை அணைத்து வைத்தபடியே மெயினை இறக்கினேன். மேசை விளக்கு எரிந்தது. திரையின் சின்ன விளக்கும் எரிந்தது. காப்பி குடித்துவிட்டுத் திருப்தியாகக் கிளம்பினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் போன் வந்தது. "அண்ணா, ஸ்கிரீன் எரியுது, பொட்டி அணைஞ்சிருச்சு." காற்றில் கரண்ட் மூன்று முறை போய் வந்திருக்கிறது. அதன் பிறகு பெட்டிக்குள்ளிருந்து டக் டக்கென்று சத்தம் மட்டும்தான்.

மறுநாள் பெட்டியையும் யு.பி.எஸ்.ஸையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு செகந்திராபாதில் ஃபெலிக்ஸ் கடைக்குப் போனோம். கெட்டுப்போன டிஸ்கிலிருந்து ஃபைல்களை மீட்டுத் தருகிறவர். எங்களைப் போலவே தலைமுறையாக இங்கே இருக்கும் தமிழர்; பேச்சில் இந்த ஊர் உருது கலக்கும். என் டேப்புகளைத்தான் முதலில் பார்த்தார்.

"ஒட்டினதெல்லாம் ஜோரா இருக்கு. கைக்குங்க, ஏன் பொட்டிய இதுல போட்டீங்க? இந்தப் பாயிண்ட்ல பேட்டரியே கிடையாது. வோல்டேஜ் எகிறினா தடுக்கும், அவ்ளோதான். டேபிள் லைட்டுக்கு பேட்டரி, டிஸ்க்குக்கு நக்கோவா? யாரு வேலை இது?"

நான் குனிந்து ஒரு டேப்பின் ஓரத்தைத் தடவி ஒட்டினேன்.

"நான்தான்" என்றாள் சகுந்தலா.

"ஹவ், ஆமா, நல்லா மாட்டினீங்க மேடம்! அந்தப் பத்து நிமிஷ பேட்டரி, உக்காந்து வேலை செய்யறதுக்கில்ல. சேவ் பண்ணி ஒழுங்கா ஷட் டவுன் பண்றதுக்கு. வேற டிஸ்க்ல காப்பி வச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க."

திட்டை எல்லாம் அவளே வாங்கிக்கொண்டாள். ஆட்டோவில் திரும்பும்போது கேட்டேன்: "ஏம்மா அப்படிச் சொன்னே?"

"நீங்க ரோஷக்காரர். அவரு உங்களைப் பேசியிருந்தா அப்புறம் ஞாயித்துக்கிழமை என் வீட்டுப் பக்கமே வரமாட்டீங்க. வர்றது நீங்க ஒருத்தர்தான்."

பன்னிரண்டு நாள் கழித்து ஃபெலிக்ஸ் கூப்பிட்டார். அறுநூற்றுப் பன்னிரண்டு டிசைன்கள் கிடைத்திருந்தன. புது டிஸ்கில் ஒன்று, தனி டிஸ்கில் ஒன்று என்று இரண்டு காப்பி போட்டுக் கொடுத்தார். நான் போய்ப் பெட்டியைப் பேட்டரி பாயிண்டில் மாட்டி, இந்த முறை அது ஓடும்போதே மெயினை இறக்கிப் பார்த்தேன். ஓடியது. போன எண்ணூறைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கிடைத்தவற்றில் பெயர்கள் அழிந்து எண்கள் மட்டுமே இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும். தினமும் காலையில் பஸ் ஏறி அல்வாலுக்குப் போகத் தொடங்கினேன். அவள் திறந்து பெயர் சொல்வாள். நான் நோட்டில் எண்ணையும் பெயரையும் எழுதுவேன்.

இரண்டாம் நாள்தான் கவனித்தேன். எந்த டிசைனை என்றைக்குப் போட்டது என்பது அவளுக்கு நினைவிருந்தது.

"இது அம்மா காரியம் முடிஞ்ச மறுநாள் போட்டது. இது தண்ணி லாரி வராத வாரம். இது போன தீபாவளி."

"தீபாவளியன்னிக்கா வேலை செஞ்சே?"

"வேற என்னண்ணா செய்யறது?"

போன தீபாவளிக்கு நாங்கள் எல்லோரும் சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தோம். அவளுக்கு வேலை இருக்கும் என்று நாங்களே முடிவு செய்துகொண்டு, கூப்பிடவில்லை.

"எழுதிட்டீங்களா?"

"பேர் சொல்லும்மா."

"ரெட்டை மாங்கா பார்டர்."

எழுதினேன். அவள் அடுத்ததைத் திறந்தாள்.