சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு வந்தேன்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எட்டாவதோடு ஊரை விட்டு ஓடி, லாரி ஷெட்டிலும் பஸ் ஸ்டாண்டிலும் படுத்தவனுக்குப் பயப்பட வேறு விஷயங்கள் நிறைய இருந்தன. நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே வேலை பழகியிருந்தேன். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதிய ரைட்டர் அப்போதுதான் இறந்திருந்தார். ஆபீஸ் கூரை ஒழுகுகிறது என்று கம்ப்யூட்டரைத் தன் வீட்டிலேயே வைத்திருந்தவர் அவர். மாரமங்கலத்தில் இருந்த அதே எஸ்டேட்டின் இன்னொரு ஆபீஸுக்குப் புது மெஷின் வந்தது. அவர் செய்த செட்டிங் இல்லாமல் அதில் சம்பளச் சீட்டு அச்சாகவில்லை. அந்த செட்டிங்கை எடுத்துப்போக என்னைக் கடையிலிருந்து அனுப்பினார்கள்.

கதவைத் திறந்த ரைட்டர் மனைவி, "ஏனுங்க, அதுல எதும் அழிஞ்சிராதுங்களே? பொழுது சாஞ்சா பொத்தான் தட்டற சத்தம் கேக்குதுங்க. அது ஒண்ணுதான் எனக்குத் தொணை" என்றார்.

துக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்தேன். "நகல்தானுங்க எடுக்கறேன், அசல் இங்கயேதான் இருக்கும்" என்றேன். கறுப்புத் திரையில் கட்டளை அடித்து, செட்டிங் முழுவதையும் ஃபிளாப்பியில் ஏற்றினேன். அந்த அம்மா அடுப்படியில் இருந்தார். பஸ் ஹாரன் கேட்ட அவசரத்தில், சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது மறந்து, கம்ப்யூட்டர் இருந்த அறையைப் பார்த்து "வர்றேனுங்க" என்றுவிட்டேன்.

மாரமங்கலத்தில் ஃபிளாப்பியைப் போட்டதும் சீட்டு சுத்தமாக அச்சானது.

"அட, எங்க ரைட்டரே வந்து அடிச்ச மாதிரி இருக்குதுங்க!" என்று அங்கிருந்த கிளார்க் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அதான் முடிஞ்சுதேங்க, இன்னும் என்னத்தத் தட்டறீங்க?" என்றார்.

என் இரண்டு கையிலும் டீ கிளாஸ் இருந்தது. பொத்தான்கள் தானாக அமுங்கி எழுந்துகொண்டிருந்தன, திரையில் ஓர் எழுத்தும் விழவில்லை. கீபோர்டை மாற்றினோம். அப்போதும் அதேதான்.

அடுத்த வாரம் ஏற்காட்டுக்குப் போனேன். "சத்தம் நின்னு போச்சு சாமி. நகலுன்னுதானே சொன்னீங்க?" என்றார் அந்த அம்மா. அதே ஃபிளாப்பியிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிவிட்டு இருட்டும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தோம். ஒரு சத்தமும் இல்லை. மாரமங்கலத்தில் நடந்ததைச் சொன்னேன்.

பிறகு அந்த அம்மா தினமும் பஸ் ஏறி மாரமங்கலம் போனாராம், கிளார்க் சொன்னார். அந்த மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவாராம். கடைசி பஸ் வந்ததும் எழுந்து, "வாங்க, ஊட்டுக்குப் போலாம்" என்று கூப்பிடுவாராம். அப்போது மட்டும் தட்டுகிற சத்தம் வேகமாகுமாம், கையில் பாதி வேலை இருக்கிற ஆள் தட்டுவது மாதிரி.