பத்து மணிக் கட்டம்

நர்சிங் படிப்பை முடித்து வார்டுக்கு வந்த பதினோராவது நாளே அவளுக்குப் 'புத்தகம்' என்று பெயர் விழுந்துவிட்டது. காரணம் ஒரு தாள்.

எழுந்திருக்க முடியாத நோயாளிகளின் கட்டில் காலடியில் தொங்கும் தாள் அது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஆளைப் புரட்டிப் படுக்க வைத்து, அந்த நேரத்துக் கட்டத்தில் டிக் போட வேண்டும். புரட்டாவிட்டால் இடுப்பெலும்புக்கு மேல் தோல் சிவக்கும், பிறகு கறுக்கும், பிறகு குழி விழும். அந்த வார்டில் காலை ஏழு மணிக்கு வேலை ஏற்பவர்கள், எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு என்று நான்கு கட்டத்துக்கும் ஒரே மூச்சில் டிக் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடுவார்கள். இவள் மட்டும் புரட்டிய பிறகு போட்டாள். புரட்டாததைக் காலியாக விட்டாள்.

"என்ன புத்தகம், பேனாவுல மை தீந்துபோச்சா?" என்றாள் வார்டுக்குப் பொறுப்பான பெரிய சிஸ்டர்.

"பத்து மணிக்கு ஆள் கிடைக்கல சிஸ்டர். ஒருத்தியா புரட்ட முடியல."

"முப்பத்தெட்டு கட்டிலுக்கு ரெண்டு நர்ஸ், ஒரு ஆயா. யாருக்குடி இங்க ஆள் கிடைக்குது? டாக்டர் தாளைத்தான் பாப்பாரு. முதுகையா பாப்பாரு?"

அவள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். மூன்று மாதம் பார்ப்பார்கள், திருப்தியானால்தான் வேலை நிரந்தரம். வீட்டில் அப்பா இல்லை. அம்மா துணிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றே விற்பவள். கெண்டைக்கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. வேலை நிரந்தரமான அன்றே அம்மாவை வீட்டில் உட்கார வைத்துவிட வேண்டும் என்பதுதான் அவள் கணக்கு.

பன்னிரண்டாம் கட்டிலில் பக்கவாதம் வந்த ஓர் அம்மாள். தையல் பள்ளி நடத்தியவர். பேச்சு போய்விட்டது, இடது கை மட்டும் விளங்கும். கனத்த உடம்பு, ஒருத்தி தோளையும் ஒருத்தி இடுப்பையும் பிடித்தால்தான் அசையும். பத்து மணிக்கு டாக்டர் வருவார், ஆயா அவர் பின்னால் ஓடுவாள். அதனால் அந்தத் தாளில் பத்து மணிக் கட்டம் அநேகமாகக் காலி. காலிக் கட்டம் காலை முழுக்க அவளை அரித்துக்கொண்டிருக்கும். பன்னிரண்டு அடித்ததும் யாரையாவது கையைப் பிடித்து இழுத்து வந்து புரட்டிவிடுவாள்.

இரண்டாம் மாதக் கடைசியில், அம்மாளின் உடம்பைத் துடைத்துவிடும்போது அவள்தான் புண்ணை முதலில் பார்த்தாள். எட்டணாக் காசு அளவு, நடுவில் கறுப்பு. பார்த்ததைப் பார்த்தபடி எழுதி வைத்தாள். மறுநாள் அம்மாளின் மகள், தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், புண்ணைக் கண்டு கொதித்துப்போய்ப் புகார் கொடுத்தாள்.

விசாரணை மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் அறையில் நடந்தது. மேஜைமேல் அந்தத் தாள். மற்ற இரண்டு ஷிப்டிலும், இவள் விடுப்பு எடுத்த நாளிலும் டிக் அடைத்துக்கொண்டு நின்றது. இவளுடைய பத்து மணி மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி வரிசையாக இளித்தது.

"எல்லாரும் புரட்டியிருக்காங்க. நீ மட்டும் ஏம்மா விட்டே?" என்றார் கண்காணிப்பாளர்.

அவள் பெரிய சிஸ்டரைப் பார்த்தாள். பெரிய சிஸ்டர் ஜன்னலைப் பார்த்தாள்.

"ஆள் இல்ல சார்."

"மத்தவங்களுக்கு மட்டும் ஆள் வானத்துல இருந்து குதிக்குதா?" மகள் மேஜைமேல் இருந்த தாளைத் தட்டினாள். "பேச முடியாத மனுஷி, யார்கிட்ட போய்ச் சொல்லுவாங்கன்னுதானே விட்டே?"

வேலை நிரந்தரம் இன்னும் மூன்று மாதம் தள்ளிப்போயிற்று. மறுபடி ஒரு குறை வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

வீட்டில் அம்மா அந்தக் கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். "எல்லாரும் போடுறதத்தானே போடச் சொன்னாங்க? போட்டா கை என்ன கழண்டா விழும்?"

"புரட்டாமயாம்மா?"

"நீ டிக் போடாம விட்டதால அந்தம்மாவுக்குப் புண்ணு வராம இருந்துச்சா?"

அம்மா காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துத் தானே தேய்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் நான்கு டிக்கையும் போட்டாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எட்டு மணிக்கு ஆயாவோடு சேர்ந்து அம்மாளை வலப் பக்கம் புரட்டி, முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். பத்து மணிக்கு டாக்டர் வந்தார். கட்டம் நிரம்பியிருந்ததால் எதுவும் அரிக்கவில்லை. பன்னிரண்டுக்கு நினைவு வந்தபோது ஆயா சாப்பிடப் போயிருந்தாள். ஏழாம் கட்டிலில் ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணிக்கு மகள் வந்து தாளைத் தூக்கிப் பார்த்தாள்.

"இப்பத்தான் ஒழுங்கா பாக்குறீங்க. கேட்டாத்தான் இங்க வேலை நடக்குது, இல்ல?"

"ஆமாங்க," என்றாள் அவள்.

அம்மாள் காலையில் புரட்டிய அதே பக்கம் படுத்தபடி, விளங்கும் கையால் விரிப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். மகள் அந்தக் கையை மெல்ல எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள்.