எந்தப் பின்வாசல்?

எங்கள் அத்தான் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்து நாலு வருஷமாக ஊரையே மேலே ஏற்றி இறக்குகிற மனுஷர், தான் குடியிருக்கும் மூன்றாவது மாடிக்கு மட்டும் படியேறித்தான் போவார். கேட்டால், "வேலை நேரம் முடிஞ்சு போச்சும்மா" என்பார்.

கம்பெனியில் அவருக்கு 'ரெண்டு நிமிஷம்' என்று பட்டப்பெயர். பாதியில் நின்றுபோன லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டு கத்தினால், கதவு இடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, ரெண்டே நிமிஷம்" என்று சொல்லிவிட்டுத்தான் கருவிப் பெட்டியையே திறப்பார். முக்கால் மணி நேரம் ஆகும். உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்ததும் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். ஆனாலும் அடுத்த முறையும் அதே ரெண்டு நிமிஷம்தான். எதிரில் நிற்கிற ஆளின் முகம் வாடுவதைப் பார்க்க அவருக்குத் தெம்பு கிடையாது. இந்தக் கதைக்கு வேறு காரணமே தேட வேண்டாம்.

நான் அக்காவுக்கு ஏழு வயது இளையவள். பொது நூலகத்தில், படங்களும் பாட்டுகளும் இரவல் கொடுக்கிற மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். என் வேலையில் பாதித் தலைவலி ஒரே தலைப்பால் வருவது. ஒருவர் வந்து, "பின்வாசல் இருக்கா?" என்பார். "எந்தப் பின்வாசல்?" என்று நான் கேட்டால் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார், ஏதோ உலகத்தில் ஒன்றுதான் இருப்பதுபோல. அந்தப் பெயரில் ஒரு போலீஸ் படம் இருக்கிறது. கதாநாயகன் கடைசி வரைக்கும் முன்வாசலிலேயே காவல் நிற்பான். ஒரு நாய்க்குட்டியும் இரண்டு குழந்தைகளும் வருகிற படம் இருக்கிறது. குதித்துக் குதித்து ஆடுகிற பாட்டு ஒன்று, உருகி உருகி அழுகிற பாட்டு ஒன்று. போதாததற்குத் தலைமுடியைச் சிலுப்பிக்கொண்டு கத்துகிற நாலு பேர் தங்கள் இசைக்குழுவுக்கும் அதையே வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரு தாய் தன் பிள்ளையின் பிறந்தநாளுக்கு நாய்க்குட்டிப் படம் என்று நினைத்து அந்த நாலு பேரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் வந்து, அந்த இசைவட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அவள் நடந்துபோன நடையை நான் இன்னும் மறக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு பின்வாசல் இருந்தது. அந்த உருகி அழுகிற பாட்டுதான்; அத்தான் எழுதியது.

அக்கா அப்போது ஒரு பெரிய துணிக்கடையின் நாலாவது மாடியில், தைத்த உடுப்புகளை அளவுக்குத் திருத்துகிற பிரிவில் வேலை பார்த்தாள். சரக்கு ஏற்றுகிற லிஃப்ட் கடையின் பின்பக்கம். அது வாரம் தவறாமல் மக்கர் செய்யும். அத்தான் வந்து தட்டினால் பின்வாசலைத் திறந்துவிடுவது அக்கா. லிஃப்ட் நிஜமாகவே அத்தனை முறை பழுதானதா, அல்லது பழுது பார்க்கப்பட்டதால் பழுதானதா என்பதை நான் விசாரிக்கப் போவதில்லை. ஒருநாள் அத்தான், தலையைக் குனிந்துகொண்டு, "உங்களப் பத்தி ஒரு பாட்டு எழுதியிருக்கேன். 'பின்வாசல்'னு பேரு. நாளைக்குச் சாயங்காலம் ரேடியோவுல போடறாங்க" என்றாராம். மறுநாள் தையல் மெஷின்களை எல்லாம் நிறுத்திவிட்டுப் பன்னிரண்டு பெண்கள் ரேடியோவைச் சுற்றி நின்றார்கள், கதவோரம் அத்தான். அறிவிப்பாளர், "அடுத்து, பின்வாசல்" என்றார். பாட்டு வந்தது. பன்னிரண்டு பேரும் அழுதார்கள். நாலு மாதத்தில் கல்யாணம்.

"அந்தப் பாட்டுக்காகத்தான் இவரைக் கட்டிக்கிட்டேன்" என்று அக்கா சொல்லாத விருந்தாளி கிடையாது. சமைக்கும்போது அதைத்தான் முணுமுணுப்பாள். அவள் ஆரம்பித்ததும் அத்தானுக்குக் குப்பையைக் கொட்டுகிற வேலை வந்துவிடும். கூடையில் குப்பை இல்லாவிட்டாலும் கொட்டிவிட்டு வருவார். தன் பாட்டைக் கேட்கக் கூச்சம் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். உறவுக்காரர்களோ ஆளுக்கு ஒரு பின்வாசலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "உங்க அத்தான் எழுதினதா? செம ஆட்டம்!" என்பார் ஒருவர். எங்கள் அம்மா சாகும்வரை தன் மாப்பிள்ளை போலீஸ் படத்தில் நடித்தவர் என்றே நம்பினாள். அத்தான் யாரையும் திருத்தவில்லை. எல்லோருக்கும் ஒரு சிரிப்பு.

போன மாதம் அவர்களுக்கு முப்பதாவது கல்யாண நாள் நெருங்கியது. அவர்களுடைய ஒரே மகளை நாங்கள் மேனேஜர் என்றுதான் கூப்பிடுவோம்; ஐந்து வயதிலேயே வீட்டில் இருப்பவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தவள். அவள் ஒரு மதிய விருந்துக்கு ஏற்பாடு செய்தாள். ஐம்பது பேர். அவள் அலுவலகத்துப் பாட்டுக்குழு வந்து அப்பாவின் பாட்டைப் பாடும். அழைப்பிதழில் அவர் பெயரோடு 'அப்பா எழுதிய பின்வாசல்' என்று பெரிதாகப் போடுவதாகத் திட்டம்.

"சித்தி, அந்தப் பாட்டோட நல்ல ஒலிப்பதிவு ஒண்ணு உங்க லைப்ரரில இருந்து எடுத்துக் குடு. ஃபோன்ல கெடைக்கறது ஒரே கரகரப்பு."

எடுத்தேன். வேலைப் பழக்கத்தில் உறையைத் திருப்பிப் பார்த்தேன். முப்பது வருஷமாக ஏன் பார்க்கவில்லை என்று கேட்காதீர்கள், சொந்தக்காரர் விஷயத்தில் யார் உறையைத் திருப்பிப் பார்க்கிறார்கள்? மூன்றே நாள் ஓடிய ஒரு படத்தில் வந்த பாட்டு அது. எழுதியவர் பெயர் வேறு. வருஷத்தைப் பார்த்துவிட்டு விரல் விட்டு எண்ணினேன். அத்தானுக்கு அப்போது வயது ஒன்பது.

எனக்கு உச்சி முதல் கால் வரை எரிந்தது. அரை நாள் லீவு போட்டுவிட்டு, அவர் வேலை செய்துகொண்டிருந்த எட்டு மாடிக் கட்டடத்துக்குப் போய், மொட்டை மாடியில் இருந்த மோட்டார் அறைக்குள் நுழைந்தேன். 'உள்ளே வரக்கூடாது' என்று எழுதிய பலகையைக் கண்டுகொள்ளவில்லை. அத்தான் பெரிய சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கழிவுப் பஞ்சால் கம்பி வடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், உங்களுக்கு ஒன்பது வயசுலயே காதல் வந்துடுச்சா?"

உறையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கையில் கிரீஸ் என்று காட்டினார். பிறகு அப்படியே கருவிப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நான் எழுதினேம்மா. சத்தியமா எழுதினேன். என்னோடது வேற பின்வாசல்."

சலவைக்கடைக்குப் பின்னால் ஓர் அறை எடுத்து, மூன்று நண்பர்களாகச் சேர்ந்து பாட்டுப் போட்டிருக்கிறார்கள். அத்தானே எழுதி, அத்தானே பாடி, ஓர் இசைத்தட்டை வானொலி நிலையத்தில் கொடுத்திருக்கிறார்கள். அங்கே தட்டுகளைத் தலைப்பு வரிசையில்தான் அடுக்குவார்கள். இரண்டு பின்வாசலும் பக்கத்தில் பக்கத்தில். அலமாரிக்காரர் கைக்கு வந்ததை உருவிக் கொடுத்துவிட்டார். மறுநாள் அத்தான் போய்க் கேட்டதற்கு, "பின்வாசல்தானே? போட்டாச்சே, டிக் அடிச்சிருக்கே" என்று பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாராம். நானும் அதே தொழில் செய்கிறவள் என்பதால் அந்த ஆளைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை.

"அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்க வேண்டியதுதானே?"

"பன்னண்டு பேரு அழுதுகிட்டு நிக்கறாங்க. உங்க அக்கா, 'நீங்களா எழுதினீங்க?'ன்னு கேக்கறா. அந்த முகத்தப் பாத்து எப்படிம்மா இல்லன்னு சொல்றது? தலைய ஆட்டிட்டேன். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். நாளைக்கு, நாளைக்குன்னு..."

"முப்பது வருஷம் ஓடிப்போச்சு."

"அந்தப் பாட்டுக்காகத்தான் கட்டிக்கிட்டேன்னு சொல்றாளே. பாட்டு என்னோடது இல்லன்னு ஆயிட்டா, அப்புறம் அவ எதுக்காக என்னக் கட்டிக்கிட்டா?"

கோபமாக வந்தவள் நான். அவர் அதைக் கேட்ட விதத்தில் உறையைப் பைக்குள் வைத்துவிட்டேன். ஐம்பத்தாறு வயது மனுஷர், இவ்வளவு நாளும் இந்தப் பயத்தோடுதான் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறார். ஆனாலும் நான் விடவில்லை. திங்கட்கிழமை அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறது, பாட்டுக்குழுவில் ஒருத்தருக்காவது உண்மை தெரியும், ஐம்பது பேருக்கு முன்னால் அக்கா தலைகுனிய வேண்டுமா என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை காலைல நான் வீட்டுக்கு வரேன். நீங்க சொல்றீங்க. இல்லன்னா நான் சொல்வேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா சமையலறை மேஜையில் ஒரு திரைச்சீலையைப் போட்டு, ஓரத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் பக்கத்து அறையில் ஃபோனில் யாருக்கோ நாற்காலிக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தான் குப்பைக்கூடையை எடுத்தார். நான் அதைப் பிடுங்கிக் கீழே வைத்தேன்.

"சொல்லுங்க அத்தான்."

சொன்னார். அலமாரியிலிருந்து டிக் வரை எதையும் விடவில்லை. திருத்தமாகச் சொன்னார் என்று சொல்ல முடியாது, பாதி வார்த்தை தரையைப் பார்த்துத்தான் வந்தது. அக்கா தையல் பிரிப்பதை நிறுத்தவே இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"அப்போ முழங்கால் வரைக்கும் முடி வச்சிருக்கறவ யாரு?"

"எவ?"

"பாட்டுல வர்றவ. முழங்காலத் தொடுற முடி, சிரிச்சா கன்னத்துல குழி. யாரவ?"

"எனக்கெப்படித் தெரியும்? அத எழுதினவருக்குத் தெரிஞ்ச யாராவதா இருக்கும்."

"உங்களுக்குத் தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாது."

அக்கா கையிலிருந்த கத்தரியை மேஜையில் வைத்தாள்.

"ரேடியோவுல கேட்டப்போ பின்வாசல்ங்கற ஒரு வார்த்தைதான் என் காதுல விழுந்துச்சு. கல்யாணமாகி ரெண்டு மாசம் கழிச்சு மறுபடியும் போட்டாங்க. அப்பதான் ஒழுங்காக் கேட்டேன். எனக்கு எங்க முழங்கால் வரைக்கும் முடி? மெஷின்ல மாட்டிக்கும்னு பதினாறு வயசுலேருந்து காதோரம் வெட்டித்தானே வச்சிருக்கேன்? கன்னத்துல குழி எங்க விழுது, காட்டுங்க. சரி, இவரு வேற எவளையோ நெனச்சு எழுதியிருக்காரு, என்கிட்ட வந்து எனக்குன்னு சொல்லியிருக்காருன்னு முடிவு பண்ணிட்டேன்."

"ஐயோ, அப்புறம் ஏன்க்கா அதையே பாடிக்கிட்டு இருந்த?" என்றேன் நான்.

"இவர் மூஞ்சியப் பாக்கறதுக்குத்தான்டீ. ஒவ்வொரு தடவையும் திருட்டு முழி முழிச்சுக்கிட்டு வெளிய ஓடுவாரு. அவ நெனப்பு இன்னும் போகலன்னு நெனச்சுக்குவேன். விருந்தாளிங்க முன்னாடி சொன்னதும் அதுக்குத்தான்."

அத்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "கேட்டிருக்கலாம்ல?"

"நீங்க சொல்லியிருக்கலாம்ல?"

இந்த வீட்டில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டிருக்கிறேன், எத்தனை முறை அந்தப் பாட்டை வைத்துச் சிரித்திருக்கிறேன்! எனக்கு அவர்கள் இருவர் மேலும் கோபம் வந்தது, அதைவிட அதிகமாக அழுகை வந்தது.

"உங்களுதப் பாடுங்க" என்றாள் அக்கா.

"தட்டு இல்ல. டிரம் வாசிச்சவன் வீட்டுல மழைத்தண்ணி புகுந்து எல்லாம் போச்சு."

"வாய் இருக்குல்ல?"

அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் பாடி நான் கேட்டதே இல்லை. கேட்ட பிறகு, அலமாரிக்காரர் அறியாமல் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார் என்றுகூடத் தோன்றியது. மோட்டார் திணறுகிற மாதிரி ஒரு குரல். ஆனால் வரிகள் ஒன்றுகூட அவருக்கு மறந்திருக்கவில்லை.

*நாலு மாடி ஏறி வந்தேன்,*
*நட்டு போல்ட்டு தேடி வந்தேன்,*
*காதோரம் வெட்டின முடி,*
*கையெல்லாம் நூலுப் பொடி,*
*பின்வாசல் திறந்து விட்ட,*
*காலத் துடைன்னு சொல்லிப்புட்ட.*

அக்கா முகத்தைத் திரைச்சீலையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அத்தான் பயந்துபோய் நிறுத்திவிட்டார். அவள் திரைச்சீலையை விலக்கினபோது கண்ணெல்லாம் சிவந்து, மூக்கு ஒழுகி, வாய் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

"பாட்டாங்க இது? கேக்க முடியல. காலத் துடைன்னு நான் சொன்னதெல்லாமா எழுதுவாங்க?"

"வேற என்ன சொன்ன நீ அன்னிக்கு? அது ஒண்ணுதான் சொன்ன."

"நான்தான். இது நான்தான்" என்று அக்கா என் பக்கம் திரும்பி, எனக்குத் தெரியாத விஷயம்போல, இரண்டு முறை சொன்னாள்.

சத்தம் கேட்டு மேனேஜர் ஃபோனும் கையுமாக ஓடி வந்தாள். "யாருக்கு என்ன ஆச்சு? ஏதோ மிஷின் ஓடற சத்தம் கேட்டுச்சே?"

"ஒண்ணும் ஆகல. பாட்டுக்குழுவ வரவேணாம்னு சொல்லிடு. உங்க அப்பாவே பாடுவாரு."

"அப்பாவா? அம்மா, ஐம்பது பேர் வர்றாங்கம்மா!"

"வரட்டுமே. முப்பது வருஷம் ஒருத்திய நான் பொறுத்துக்கிட்டேன். அவங்க ஒரு பாட்டப் பொறுத்துக்கட்டும்."