பிக்கப்புக்கு எந்தச் சத்தம்?

போன வாரம் எங்கள் கடைப் பிக்கப் வண்டியின் எக்ஸாஸ்ட் பைப் நடுரோட்டில் கழன்று விழுந்தது. பின்னால் வந்த பஸ் அதன்மேல் ஏறி இறங்கியதில் அப்பளமாகிவிட்டது.

காலாங்கில் எனக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக் ஆ லியோங் மூன்று செட்களைத் தரையில் பரப்பினார். இஞ்சினை ஒட்டி வரும் ஹெடர், நடுக்குழாய், கடைசியில் சைலன்சர்... எல்லாம் பளபள. நகைக்கடையில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

"அங்கிள், யூ வான்ட் வாட் சவுண்ட்? திஸ் ஒன் சைலன்ட். தட் ஒன் லிட்டில் பிட் சவுண்ட். லாஸ்ட் ஒன், ரேசிங் கார் லா!"

நாளைக்கு வருகிறேன் என்று எழுந்துவிட்டேன். அறுபதை நெருங்குகிற ஆள் ஒரு குழாய்க்கா இத்தனை யோசிப்பது என்று நீங்கள் கேட்கலாம். யோசிப்பேன். சூடு கண்ட பூனை நான்.

அப்போது ஜப்பான்காரன் காலம். சிங்கப்பூருக்குச் சியோனான் என்று பெயர். எனக்கும் ராஜத்துக்கும் கல்யாணமாகி ஒரு வருஷம்; அவளுக்கு எட்டாம் மாதம். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். என்னிடம் ஒரு ஓட்டைப் பிக்கப் இருந்தது. ஊருக்கு வெளியே தோட்டங்களில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றித் தேக்கா மார்க்கெட்டில் இறக்குவேன். அதற்குப் பர்மிட் இருந்ததால் என்னை யாரும் தொடவில்லை.

ராஜத்தின் தம்பி கண்ணனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். லாரி வரும், வாலிபர்களை அள்ளிக்கொண்டு போகும். போனவர்களிடமிருந்து கடிதம்கூட வந்ததில்லை. அதனால் கண்ணன் எங்கள் வீட்டிலேயே அடைந்து கிடந்தான்.

அந்த ராணுவ லாரிக்கென்று ஒரு சத்தம் உண்டு. வாயை மூடிக்கொண்டு ராகம் இழுப்பது போல, தாழ்ந்த குரலில்... ம்ம்ம்ம். அது தெருமுனையில் கேட்டால் போதும், எங்கள் சந்தில் ஆண்பிள்ளைகள் பின்சுவர் ஏறிக் குதித்துவிடுவார்கள். கண்ணனுக்கு மட்டும் அரிசி டிரம். அரிசி இல்லாத காலம் அல்லவா? ஓர் ஆள் தாராளமாக உட்காரலாம்.

என் வண்டியின் சத்தமோ வேறு. இஞ்சினை ஒட்டிய இரும்பில் விரிசல். சைலன்சரில் மூன்று ஓட்டை. முதல் கியரில் டபடபடப, வளைவில் ஒரு டமார்! பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் ஒரு டிரம்மில் கரியைப் புகையவிட்டு, அந்த வாயுவில் ஓட்டினோம். விரிசல் வழியாக இருந்த கொஞ்சம் தெம்பும் போய்விடும். மேடு வந்தால் மூட்டைகளில் பாதியை இறக்கி வைத்துவிட்டு ஏற வேண்டும்.

மானம் போகிறது என்று என் சிநேகிதன் மரியதாஸிடம் போனேன். மெக்கானிக் என்றால் அவன்தான் மெக்கானிக். பழைய குழாய்களில் மணலை அடைத்து, நெருப்பில் காய்ச்சி, நசுங்காமல் வளைத்து, இஞ்சினின் நாலு வாய்க்கும் நாலு குழாய் செய்திருந்தான். இன்றைக்கு ஹெடர் என்கிறார்களே, அதேதான். அவன் அதற்கு வைத்த பெயர் 'நாலுகால்'.

"இத மாட்டினா மேட்டுல முழு லோடோட ஏறலாம் அண்ணே. ஆனா சைலன்சர் எது வேணும்? உங்க பழசு இருக்கு. இல்லன்னா இதோ, சுங்கை ரோட்டுச் சந்தையில கெடச்சது. அடிபட்ட ஆர்மி லாரியோடது. சத்தமே வராது."

ஆர்மி லாரியோடது என்று தெளிவாகத்தான் சொன்னான். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் சத்தமில்லாத ஒரு வண்டி.

"புதுசே மாட்டுப்பா."

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்து, அடுத்த நாள் காலை எடுத்து ஓட்டிய சுகத்தை எப்படிச் சொல்வேன்? முழு லோடோடு மேடு ஏறியது. தூங்குமூஞ்சி மரங்களுக்குக் கீழே வெயில் சல்லடையில் சலித்தது போல விழுந்துகொண்டிருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு வண்டிக்குள் இருந்தபடி ஒரு குருவியின் குரலைக் கேட்டேன். கண் திறந்திருக்கும்போதே கனவு வந்தது. சண்டை முடிந்துவிட்டது. பக்கத்து சீட்டில் ராஜம். மடியில் குழந்தை. காத்தோங் கடற்கரைக்குப் போகிறோம். அவளுடைய புடவைத் தலைப்பு ஜன்னலுக்கு வெளியே படபடக்கிறது. உள்ளே இழு, சக்கரத்தில் மாட்டும் என்கிறேன். கேட்க மாட்டேன் என்கிறாள்...

கிழங்கை இறக்கிவிட்டு, கனவு கலையாமலே எங்கள் சந்துக்குள் திரும்பினேன்.

ம்ம்ம்ம்.

சந்தில் ஓர் ஈ காக்கை இல்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ஒரு வாசலில் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மத்தியானம், தூங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் போல ஒரு மடையன் உண்டா?

கதவைத் தட்டினேன்.

"ராஜம், நான்தான்."

கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து ஒரு மெல்லிய குரல்.

"கூட யாரு?"

"யாருமில்ல. நான் மட்டுந்தான்."

"பொய் சொல்லாதீங்க. அவங்க லாரி சத்தம் கேட்டுச்சு. உங்களப் புடிச்சு, வீட்டக் காட்டச் சொல்லிக் கூட்டிட்டு வந்துட்டாங்க. அடிச்சாங்களா?"

அப்போதுதான் என் கனவு மொத்தமாகக் கலைந்தது. மன்றாடிக் கதவைத் திறக்க வைத்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முழங்கையில் ரத்தம். தம்பியை ஒளித்துவிட்டு, டிரம் மூடிமேல் விறகுக்கட்டைத் தூக்கி வைக்கும்போது வழுக்கி விழுந்திருக்கிறாள்.

"ஏங்க... புள்ள அசையலைங்க."

அந்த மத்தியானம் நான் பட்ட பாடு என் எதிரிக்கும் வேண்டாம். கண்ணன் டிரம்மிலிருந்து வெளியே வந்து மூலையில் உட்கார்ந்தான். மருத்துவச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, பொறுத்திருக்கச் சொன்னாள். ராஜத்தின் கையைப் பிடித்தபடி, வாசலில் நின்ற அந்த அழகான, அமைதியான வண்டியையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெறுத்தேன்.

வெயில் தாழும் நேரம் அவள் என் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். ஓர் உதை! மூன்று பேரும் அழுதோம். கண்ணன்தான் அதிகம்.

மறுநாள் வண்டியை மரியதாஸிடம் கொண்டுபோனேன். பழசையே மாட்டு என்றதும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மூணு நாளு கை வெந்து செஞ்சது அண்ணே!"

நடந்ததைச் சொன்னேன். குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான்.

"நாலுகால் இருக்கட்டும், மேட்டுக்கு வேணும். வாய மட்டும் பழசா மாத்திடுறேன்."

மாட்டியவன் என்ன நினைத்தானோ, உளியை எடுத்துச் சைலன்சரில் நாலாவதாக ஓர் ஓட்டையும் போட்டான். என் அனுபவத்தில் சைலன்சருக்கு ஓட்டை போட்டுக் கொடுத்த ஒரே மெக்கானிக் அவன்தான்.

அன்று நான் முனை திரும்பும் முன்பே டபடபடப போய்ச் சேர்ந்துவிட்டது. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எங்கள் வாசலில் ராஜம், அவள் தோளுக்குப் பின்னால் கண்ணனின் தலை. கடைசிவரை அவன் பிடிபடவில்லை. அடுத்த மாதம் மகள் பிறந்தாள்.

யோசித்துப் பார்த்தால், சத்தமில்லாமல் வருவதை நாம் நாகரிகம் என்கிறோம். வீட்டில் காத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்... வேறு மாதிரி சொல்வார்கள்.

சொன்னபடி மறுநாளே ஆ லியோங்கிடம் போய் இரண்டாவது செட்டை மாட்டச் சொன்னேன். லிட்டில் பிட் சவுண்ட். சாயங்காலம் கிளமெண்டியில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வண்டியைத் திருப்பினேன். நிறுத்துவதற்குள் நாலாவது மாடியில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் திறந்தது. ராஜம் எட்டிப் பார்த்தாள்.

மூன்றாவது மாடிக்காரர் புகார் எழுதப் போகிறாராம். எழுதட்டும் லா.